வெட்டாத விளிம்பு

மரத்தை அறுத்துப் பலகையாக்குவோர் முதலில் செய்யும் வேலை, அதன் விளிம்பை நீக்குவது. பட்டை போகும், பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதியும் போகும், வளைவும் நெளிவும் நீங்கி, நான்கு பக்கமும் நேரான ஒரு துண்டு மிஞ்சும். மரம் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது, எந்த இடத்தில் கிளைவிட்டது என்னும் செய்திகளெல்லாம் கழிவுக் குவியலுக்குச் சென்றுவிடும். பலகை என்றால் நேராக இருக்க வேண்டும் என்பதே உலகம் ஒப்புக்கொண்ட இலக்கணமாக இருந்தது.

இன்றோ, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள மரக்கடைகளில், விளிம்பு நீக்காத முழுப் பலகைக்கே விலை மிகுதி. அத்தகைய பலகை உணவுமேசையாகிறது; வரவேற்புக்கூடத்து இருக்கையாகிறது. மரத்துக்குப் பகையான நீர் நாள்தோறும் புழங்கும் குளியலறையிலும், கைகழுவும் தொட்டியைத் தாங்கும் மேடையாக அது இடம்பெற்றுவிட்டது. கழிவென்று எறியப்பட்ட விளிம்பு எவ்வாறு அழகென்று போற்றப்படலாயிற்று? நீருக்கு அஞ்சி விரட்டப்பட்ட மரம் எவ்வாறு நீரின் அருகிலேயே மீண்டும் வந்து அமர்ந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேடும்போது, நாம் எதிர்பாராத இரண்டு இடங்களுக்குச் செல்ல நேர்கிறது. ஒன்று, புதுச்சேரி, மற்றொன்று, அமெரிக்கப் பாலைநிலத்தில் முள்வேலியிட்ட ஒரு முகாம்.

மரம் விரட்டப்பட்ட கதை

குழாய்நீர் வீடுகளுக்குள் வருவதற்கு முன், ஐரோப்பியரின் படுக்கையறைகளில் கழுவுமேடை என்றொரு மரச்சாமான் இருந்தது. சிறிய மேசை போன்ற அதன்மேல் ஒரு பீங்கான் கிண்ணமும் ஒரு நீர்க்குடுவையும் வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கிண்ணம் பொருந்துவதற்கென வட்டமான துளையும் இடப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் இவை பெரும்பாலும் மரத்தாலேயே செய்யப்பட்டன. ஆனால், நாள்தோறும் சிந்திய நீர் மேற்பூச்சைக் கெடுத்தது, பலகை வீங்கியது, கறை படிந்தது. ஆகவே, 19ஆம் நூற்றாண்டில் மேற்பலகை இருந்த இடத்தில் பளிங்குக்கல் அமர்ந்தது. மரம் கீழே காலாக நின்றது. மேலே இருந்த இடத்தை இழந்தது.

பின்னர் நகரங்களில் குழாய்நீரும் கழிவுநீர்க் கால்வாயும் பரவின. கழுவுமேடை படுக்கையறையைவிட்டுக் குளியலறைக்குச் சென்றது. அங்கே பீங்கான் தொட்டி, பீங்கான் தூண் என்று அனைத்தும் பீங்கானாயின. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்த காலம் அது. வெண்மையும் வழவழப்பும் தூய்மையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. அவ்வெள்ளை அறையில் மரத்துக்கு இடமில்லாமற் போனது.

அதன்பின் நேர்ந்ததுதான் விந்தை. 1912இல் அமெரிக்காவில், மின்கருவிகளுக்குப் பயன்பட்ட மைக்கா என்னும் கனிமத்துக்கு மாற்றாகப் பிசின் ஊட்டிய ஒரு தகடு உருவாக்கப்பட்டது. மைக்காவுக்கு மாற்று என்னும் பொருளிலேயே அதற்குப் ‘ஃபார்மைக்கா’ என்று பெயரிட்டனர். 1927இல் அத்தகட்டின்மேல் மரவரியையும் கல்வரியையும் அச்சிடும் வழி காணப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த வீடுகளில் சமையலறை மேடையும் குளியலறை மேடையும் இத்தகட்டைப் போர்த்துக்கொண்டன. மரத்தை வெளியேற்றிய மனிதன், மரத்தின் படத்தை உள்ளே அழைத்துக்கொண்டான். மரவரியைக் காணாமல் அவனால் இருக்க முடியவில்லை. மரத்தோடு வாழும் பொறுப்பை ஏற்கவும் அவன் விரும்பவில்லை.

இந்நிலையை மாற்றியவர்கள் பலர். எனினும், விளிம்பு நீக்காத பலகையை ஒரு கலையாக உயர்த்தியவர்களுள் முதன்மையாகக் குறிக்கப்பட வேண்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. அவர் வரலாற்றுக்குச் செல்லுமுன், அவர் ஏற்றுக்கொண்ட அந்த விளிம்பு எத்தகையது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காழும் வெளிறும்

தமிழ் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் பகுக்கிறது. வயிரம் பாய்ந்த அந்தப் பகுதிக்குக் காழ் என்று பெயர். அகக்காழ் உடையது மரம். தென்னை, பனை, மூங்கில் போன்ற புறக்காழ் உடையவை புல். இப்பாகுபாடு இன்றைய தாவரவியல் காட்டும் வேறுபாட்டோடு பெரிதும் ஒத்துவருவது வியப்புக்குரியது.

அடிமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவே கருமை அல்லது செம்மை படர்ந்த காழும், அதைச் சூழ்ந்து வெளிர்நிற வளையமும் தெரியும். காழ் இல்லாத மரத்தை வெளிறு என்பது பழந்தமிழ் வழக்கு. அச்சொல்லையே இவ்வெளிர்வளையத்துக்கும் நாம் ஆளலாம். வேர் உறிஞ்சும் நீரை இலைக்குக் கொண்டுசெல்வது இவ்வளையமே. மரத்தின் உயிரோட்டமுள்ள பகுதி இது. இங்கே மாவுச்சத்து சேர்த்துவைக்கப்படுகிறது. அதனாலேயே மரம் வெட்டப்பட்டபின் இப்பகுதியைப் பூச்சி முதலில் நாடுகிறது. பூஞ்சணமும் முதலில் பற்றுகிறது. காழிலோ நீரோட்டம் நின்றுவிட்டது. அங்கே படிந்துள்ள எண்ணெயும் பிசினும் துவர்ப்புப் பொருள்களும் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் பகையாகின்றன.

ஆகவே, தச்சர்கள் விளிம்பை நீக்கியது அறியாமையால் அன்று; உரிய காரணத்தோடுதான். விளிம்பைத் தக்கவைக்க விரும்புவோர், மரத்தின் மிக மென்மையான பகுதியைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கின்றனர். இப்பொறுப்பை உணராமல் அழகை மட்டும் விரும்பினால், ஓராண்டுக்குள் மேடையின் ஓரத்தில் மாத்தூள் உதிர்வதைக் காண நேரும்.

புதுச்சேரியில் ஒரு பயிற்சி

ஜார்ஜ் நகாஷிமா 1905இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானியர். இளமையில் மலைகளிலும் காடுகளிலும் அலைந்து பழகிய அவர், பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியல் பயின்றார். பின்னரே கட்டடக் கலைக்கு மாறினார். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பாரிசில் சிலகாலம் தங்கிய பிறகு, 1934இல் ஜப்பானை அடைந்து, தோக்கியோவில் அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

ஜப்பானிய மரவேலை மரபு அவருக்கு அங்கே அறிமுகமாயிற்று. அம்மரபில் தேநீர்க்கூடத்தின் மாடத்தருகே நிற்கும் தூணை, மரத்தின் இயல்பான வடிவத்திலேயே விட்டுவைப்பதுண்டு. மற்றத் தூண்கள் சதுரமாகச் செதுக்கப்பட்டிருக்க, அவ்வொரு தூண்மட்டும் தன் வளைவோடும் முடிச்சோடும் நிற்கும். குறை என்று நாம் கருதுவதைச் சிறப்பாகக் காணும் பார்வை அம்மரபில் ஊறியிருந்தது.

அக்காலத்தில், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்துக்கு ஒரு விடுதி கட்டும் பணி ரேமண்டின் அலுவலகத்துக்குக் கிடைத்தது. ஐதராபாத்தின் திவானாக விளங்கிய சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் அதற்குப் பொருளுதவி வந்தமையால், அக்கட்டடம் ‘கோல்கொண்டே’ என்று பெயர்பெற்றது. அப்பணியைக் களத்தில் நின்று கவனிக்க நகாஷிமா முன்வந்தார். 1937 முதல் 1939 வரை அவர் புதுச்சேரியில் வாழ்ந்தார். ஆசிரமத்தவருள் ஒருவராகவே மாறி, ஊதியத்தையும் மறுத்தார். ‘சுந்தரானந்தா’ என்னும் பெயர் அவருக்கு அங்கே சூட்டப்பட்டது. அழகில் இன்பம் காண்பவர் என்பது அதன் பொருள்.

வலுவூட்டிய கான்கிரீட்டால் இந்தியாவில் எழுந்த தொடக்ககாலக் கட்டடங்களுள் கோல்கொண்டே ஒன்று. ஆயினும், அதன் உட்புறம் நம் மண்ணின் கைத்திறனால் நிறைந்தது. சுவர்களில் செட்டிநாட்டுச் சுண்ணப்பூச்சு மெருகேறியது. தரையில் கடப்பைக்கல் பதிக்கப்பட்டது. கண்ணாடிச் சாளரங்களே இல்லாமல், திறந்து மூடும் கான்கிரீட் தகடுகள் காற்றை உள்ளே விட்டன. அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள் அமைந்தன. சட்டங்களுக்கு இடையே காற்று நுழையும், பார்வை நுழையாது. அவ்விடுதிக்கு வேண்டிய மரச்சாமான்கள் சிலவற்றையும் நகாஷிமா வடிவமைத்தார். அவருடைய தொடக்ககால மரச்சாமான்கள் அவை. ஈரக்காற்றும் கடலுப்பும் சூழ்ந்த ஊரில் மரம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை உற்றுநோக்க, புதுச்சேரியைவிடப் பொருத்தமான பள்ளி கிடைத்திருக்குமா? அவசரமின்றி, முழுமை நோக்கிச் செய்யப்பட்ட பணி அது. வேலையையே தவமாகக் கருதும் மனப்பாங்கு அவருள் வேரூன்றியது அங்கேதான்.

முள்வேலிக்குள் ஒரு பட்டறை

1940இல் நகாஷிமா அமெரிக்கா திரும்பினார். அங்கே புதிய வீடுகள் கட்டப்பட்டுவந்த முறை அவருக்கு மனநிறைவு அளிக்கவில்லை. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்றிருந்தால் வேலையின் தரத்துக்கு யார் பொறுப்பு? தொடக்கம் முதல் முடிவுவரை தம் கையிலேயே இருக்கும் தொழில் வேண்டும் என்று எண்ணி, மரவேலையைத் தேர்ந்தெடுத்தார். சியாட்டில் நகரில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். 1941இல் மரியன் ஒக்காஜிமா என்பவரை மணந்தார்.

அவ்வாண்டின் இறுதியில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடிழந்து, முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எக்குற்றமும் அவர்கள்மேல் மெய்ப்பிக்கப்படவில்லை. அவர்களுடைய முன்னோர் பிறந்த நாடே குற்றமாயிற்று. நகாஷிமாவும் மனைவியும், பிறந்து சில மாதங்களே ஆன பெண்குழந்தை மிராவும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

அம்முகாமில் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். ஜப்பானில் முறையாகத் தச்சுத்தொழில் பயின்ற கென்டாரோ ஹிகோகாவா என்பவர் அவர். இழுத்து அறுக்கும் வாளையும், இழுத்து இழைக்கும் இழைப்புளியையும் கையாளும் முறையை அவரிடம் நகாஷிமா கற்றார். நல்ல மரம் அங்கே ஏது? கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகளும், பாலைநிலத்தில் முறுக்கி வளர்ந்த புதர்க்கட்டைகளுமே கிடைத்தன. கிடைத்ததைத் தள்ளாமல், அதன் வளைவுக்கு ஏற்பப் பொருளை வடிவமைக்கும் பழக்கம் அந்த வறுமையில் உறுதிப்பட்டது. ஒதுக்கப்பட்ட மனிதர்கள், ஒதுக்கப்பட்ட மரத்தைக்கொண்டு, தாங்கள் அடைக்கப்பட்டிருந்த கொட்டகைகளை வாழ்வதற்குரிய இடமாக மாற்றினர். இவ்வநீதிக்கு அமெரிக்க அரசு முறைப்படி மன்னிப்புக் கோரியது 1988ஆம் ஆண்டில்தான்.

1943இல் ரேமண்டின் முயற்சியால் நகாஷிமா குடும்பத்தினர் விடுதலை பெற்று, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரில் இருந்த அவருடைய பண்ணைக்குச் சென்றனர். அங்கே பண்ணைவேலை செய்துகொண்டே நகாஷிமா மீண்டும் உளியைக் கையில் எடுத்தார். காலப்போக்கில் நிலம் வாங்கித் தம் பட்டறையையும் வீட்டையும் தாமே கட்டினார். பெருந்தொழிற்சாலைகள் வெடிப்பு, முடிச்சு, வளைவு என்று காரணம் காட்டி ஒதுக்கிய பலகைகளை அவர் வரவேற்றார். அடிமரத்தை எத்திசையில் அறுப்பது என்பதை அறுவை ஆலைக்குத் தாமே சென்று முடிவுசெய்தார். அறுத்த பலகைகளை அதே வரிசையில் அடுக்கி, ஆண்டுக்கணக்கில் உலரவைத்தார். வெடிப்புள்ள பலகையை எறியாமல், அவ்வெடிப்பின் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் வன்மரத் துண்டைப் பதித்தார். இருபுறமும் அகன்று நடுவில் குறுகிய அத்துண்டு, வெடிப்பு மேலும் விரியாமல் பற்றிக்கொள்ளும். இம்முறை பழைமையானது, பண்டை எகிப்தியர் கட்டடக் கற்களையே இவ்வாறு பிணைத்துள்ளனர். நகாஷிமா அதை மறைக்காமல் வெளிப்படையாக வைத்தார். காயத்தையும் காட்டி, காயம் ஆற்றப்பட்ட விதத்தையும் காட்டிய நேர்மை அது.

1973இல் நெல்சன் ராக்ஃபெல்லர் தம் மாளிகைக்கென 200க்கும் மேற்பட்ட மரச்சாமான்களைச் செய்து தருமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். 1981இல் ‘மரத்தின் ஆன்மா’ என்னும் பொருள்படும் தலைப்பில் நகாஷிமாவின் நூல் வெளிவந்தது. அவர் பாணியைப் பின்பற்றியோர் நாடெங்கும் பெருகினர். உணவுமேசையில் தொடங்கிய வெட்டாத விளிம்பு, மெல்ல மெல்லச் சமையலறைக்கும் குளியலறைக்கும் பரவியது.

நீரருகே மரம்

விளிம்பு எவ்வாறு மதிப்புப் பெற்றது என்பதைக் கண்டோம். இனி, அத்தகைய பலகையொன்றைக் கழுவுமேடையாக்கும் வேலைமுறையைப் பார்ப்போம். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு. காரணத்தை அறியாமல் செயலை மட்டும் பின்பற்றுவது, பொருளறியாமல் செய்யுளை ஒப்பிப்பது போன்றதே.

முதலாவது, உலர்த்தல். புதிதாக அறுத்த மரத்தில் நீர் இருவகையாகத் தங்கியுள்ளது: நுண்ணறைகளின் உள்ளே தேங்கிய நீர், அறைகளின் சுவரில் ஊறிய நீர். தேங்கிய நீர் வெளியேறும்போது மரத்தின் எடை குறையுமே தவிர, வடிவம் மாறாது. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர்நீர் வெளியேறத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இராது. நீளவாக்கில் மிக மிகக் குறைவு. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கமோ, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பலகை வளைவதற்கும் வெடிப்பதற்கும் இதுவே அடிப்படை. தடிமனில் ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்பது குளிர்நாட்டுத் தச்சர்கள் காற்றில் உலர்த்துவதற்குக் கொண்ட பழைய கணக்கு. சூளையில் உலர்த்தினால் காலம் குறையும். எம்முறையாயினும், பலகையின் ஈரம் அது வாழப்போகும் அறையின் காற்றோடு ஒத்துவரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பட்டையை நீக்குதல். வெட்டாத விளிம்பு என்றால் பட்டையையும் விட்டுவைப்பது என்று சிலர் கருதுகின்றனர். பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மென்படலத்தில் பூச்சிகள் முட்டையிடும்; பட்டையும் உலர்ந்தபின் தானே உதிரும். ஆகவே பட்டையை நீக்கி, அதன்கீழ் உள்ள இயல்பான வளைவை மட்டும் காக்க வேண்டும். கூரான உளியால் சீவாமல், மழுங்கிய கருவியால் நெம்பித் தூரிகையால் தேய்த்தால், விளிம்பின் மேடுபள்ளம் அழியாது.

மூன்றாவது, சமனாக்குதல். உலர்ந்த பலகை ஏதேனும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். அகலமான பலகை சாதாரண இழைப்பு எந்திரத்துக்குள் நுழையாது. எனவே, இருபுறமும் மட்டமான சட்டங்களை அமைத்து, அவற்றின்மேல் ரூட்டர் எந்திரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி மேற்பரப்பைச் சீவுவர். பொறுமையுள்ளவர் நீண்ட இழைப்புளியாலேயே இதைச் செய்வர். வெடிப்புகளுக்கு வண்ணத்துப்பூச்சித் துண்டுகளைப் பதிப்பது இந்நிலையில்தான்.

நான்காவது, துளையிடுதல். தொட்டியைப் பலகைக்குக் கீழே பொருத்த வேண்டுமானால் பெருந்துளை இட வேண்டும். அவ்வாறு அறுத்த இடத்தில் மரத்தின் நீர்க்குழல்கள் வாய்திறந்து நிற்கும். உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரேற்றிய குழல்கள், இறந்தபின்னும் நீரைக் கண்டால் உறிஞ்சும். மேற்பரப்பைவிட வெட்டுமுகம் பன்மடங்கு விரைவாக நீரை இழுக்கும். எனவே, பலகையின் மேலேயே அமரும் கிண்ணத் தொட்டி சிறந்தது. அதற்குக் கழிவுநீர்க் குழாய் செல்லும் அளவு சிறுதுளை போதும். சுவரிலிருந்தே குழாய் நீண்டு வந்தால், மற்றொரு துளையும் தேவைப்படாது.

ஐந்தாவது, மெருகு. இங்கே கப்பல் தச்சர்களின் அறிவு நமக்குத் துணையாகிறது. பாய்மரத்தண்டுகள் வளையும்போது விரிசல் விடாத ஒருவகை வார்னிஷை அவர்கள் பயன்படுத்தினர். இன்று அதனோடு பாலியுரேத்தேன், எப்பாக்சி போன்ற செயற்கைப் பூச்சுகளும் உள்ளன. எதைப் பூசினாலும், மேலும் கீழும், விளிம்பும் துளையின் உட்புறமும் ஒரே அளவாகப் பூச வேண்டும் என்பதே விதி. மேற்பக்கத்தை மட்டும் பூசிவிட்டுக் கீழ்ப்பக்கத்தை மறந்தால், ஒருபக்கம் ஈரம் ஏறும், மறுபக்கம் ஏறாது. பலகை ஓடுபோல் குழியும்.

ஆறாவது, பொருத்துதல். அரை மீட்டர் அகலமுள்ள பலகை 1 விழுக்காடு சுருங்கினாலே 5 மில்லிமீட்டர் குறையும். சுவரோடு அதை இறுக முடுக்கிவிட்டால், அசைய வழியின்றித் தானே பிளந்துகொள்ளும். ஆகவே, தாங்கும் இரும்புச்சட்டத்தில் நீள்துளை இட்டு, திருகாணி சற்று நகர இடம்விட்டு முடுக்குவர். எடையையும் கருத வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளமும், அரை மீட்டர் அகலமும், 5 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பலகை, கன மீட்டருக்கு 900 கிலோகிராம் எடையுள்ள வன்மரமாயின் ஏறத்தாழ 34 கிலோகிராம் இருக்கும். நீர் நிறைந்த தொட்டியும் அதன்மேல் அமரும். சுவர் அதைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு மரங்கள்

மலாயாத் தீபகற்பத்தின் தச்சர்களுக்கு நீரும் மரமும் ஒருங்கே வாழும் கலை புதிதன்று. திரெங்கானு மாநிலத்துப் படகுத்தச்சர்கள் செங்ஙல் என்னும் வன்மரத்தால் கடலோடும் பெரும்படகுகளைச் செய்தனர். எழுதிய வரைபடம் ஏதுமின்றி, கண்ணளவையும் கையளவையுமே நம்பினர். பலகையோடு பலகையை மர ஆணிகளால் இணைத்து, இடைவெளியில் கெலாம் மரத்தின் பட்டையைத் திணித்தனர். நீர் பட்டதும் அப்பட்டை உப்பி, கசிவை அடைக்கும். சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரம் அம்மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. மரத்தை நீரிடமிருந்து ஒளித்துவைக்காமல், நீர் பட்டதும் மரம் வீங்கும் இயல்பையே பயனாக மாற்றிய அறிவு அது.

கழுவுமேடைக்கு ஏற்ற மரத்தைத் தேர்வதற்கும் இத்தகைய பட்டறிவு வேண்டும். செங்ஙல் உறுதிமிக்கது, ஆனால் கனமானது, அரியது. மெர்பாவ், மலேசியாவின் தேசிய மரமாக 2019இல் அறிவிக்கப்பட்ட பெருமையுடையது, அதுவும் வன்மரமே. ஆயினும், அதில் உள்ள சாயச்சத்து நீர் பட்டால் கசிந்து வெண்சுவரில் கறை ஏற்படுத்தும். நன்கு மெருகேற்றாத மெர்பாவ் மேடை, தூய்மைக்குரிய இடத்தையே அழுக்காக்கிவிடும். தேக்கு தன் எண்ணெய்ச்சத்தால் ஈரத்தைத் தாங்கும். கப்பலின் மேல்தளத்தில் அது நெடுங்காலம் இடம்பெற்றதற்குக் காரணம் அதுவே.

முழுப்பலகைக்கு இந்நாளில் பெரிதும் விரும்பப்படுவது தூங்குமூஞ்சி மரம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1876இல் சிங்கப்பூருக்கு வந்தது. சாலையோர நிழல்மரமாக நிலைபெற்றது. மாலையில் இலை மடிப்பதைக் கண்ட மலாய் மக்கள் இதனை ‘ஐந்து மணி’ என்னும் பொருள்பட அழைத்தனர். அதே காட்சியைக் கண்ட தமிழர் தூங்குமூஞ்சி என்றனர். ஓர் இனம் கடிகாரத்தைக் கண்டது. மற்றோர் இனம் உறக்கத்தைக் கண்டது. இம்மரம் பருத்து வளர்வதால் ஒரே பலகையில் ஒரு மேடையை முடித்துவிடலாம். உலரும்போது சுருக்கமும் குறைவு. கருமையோடிய காழுக்கும் மஞ்சள்படர்ந்த வெளிறுக்கும் உள்ள வேறுபாடு கண்ணைக் கவரும். அந்த வெளிறே பூச்சிக்கு விருந்து என்பதையும் நாம் மறத்தலாகாது.

மீண்டு வந்த பலகை

நகாஷிமா தம் முதுமையில் ஒரு பெருங்கனவு கண்டார். ஒவ்வொரு கண்டத்திலும் அமைதிக்கென ஒரு மேசை நிறுவப்பட வேண்டும் என்பதே அது. பெரியதொரு வாதுமை இன மரத்தின் இரு பலகைகளை, விரித்த நூலின் பக்கங்களைப்போல் இணைத்துச் செய்த முதல் மேசை, 1986இல் நியூயார்க் நகரின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அதன் விளிம்புகள் வெட்டப்படவில்லை. நடுவில் வண்ணத்துப்பூச்சித் துண்டுகள் இரு பாதிகளையும் பற்றி நிற்கின்றன. 1990 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். மகள் மிரா பட்டறைப் பொறுப்பை ஏற்றார். முகாமுக்குக் கைக்குழந்தையாகச் சென்றவர் அவரே. 1996இல் மற்றோர் அமைதி மேசை தமிழ்நாட்டின் ஆரோவில்லை வந்தடைந்தது. அவர் சுந்தரானந்தாவாக வாழ்ந்த புதுச்சேரிக்கு மிக அருகிலேயே அம்மேசை இடம்பெற்றது.

இன்று வெட்டாத விளிம்பு ஒரு வணிகப் பொருள். போதிய அளவு உலராத பலகையின் வெடிப்பில் வண்ணப் பிசினை ஊற்றி நிரப்பி, இயற்கை அழகு என்று விற்பாரும் உள்ளனர். வளைவை எந்திரத்தால் பொய்யாகச் செதுக்கி, விளிம்பு என்று காட்டுவாரும் உள்ளனர். முன்னர் மரத்தின் படத்தைத் தகட்டில் அச்சிட்டார்கள்; இப்போது இயற்கையின் படத்தை மரத்திலேயே செதுக்குகிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு மிகுதியில்லை.

விளிம்பை விட்டுவைப்பது எளிது. விட்டுவைத்த விளிம்பைக் காப்பதே அரிது. நீர் சிந்தினால் துடைக்க வேண்டும். மெருகு தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். வெளிறில் துளை தோன்றுகிறதா என்று அவ்வப்போது நோக்க வேண்டும். பளிங்கும் பீங்கானும் இவற்றைக் கேட்பதில்லை. மரம் கேட்கிறது. அக்கேள்விக்கு விடையளிக்க விரும்பாத காலமே மரத்தைக் குளியலறையிலிருந்து விரட்டியது. விடையளிக்கும் மனமுள்ளவர் வீட்டில்தான் அது மீண்டும் நிலைக்கும்.

ஓரங்களை வெட்டி எல்லாரையும் ஒரே அளவாக்குவதைக் கல்வி என்று எண்ணும் போக்கு இன்றும் உண்டு. வகுப்பறையில் நேராக நிற்பவனையே நல்ல மாணவன் என்கிறோம். முடிச்சும் வளைவும் உள்ளவனை ஒதுக்கிவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் உலரக் காத்திருந்து, வெடித்த இடத்தில் வெளிப்படையாக ஒரு துண்டைப் பதித்து, அப்பலகையை ஒரு வீட்டின் நடுவில் வைத்த தச்சரின் பொறுமையை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.